சிவப்புக்கும் நிற்காத வண்டி

வண்டி நிற்கவில்லை. நடந்த தவறு அவ்வளவுதான்.

பொம்மை வண்டிதான். ஓர் எஞ்சின், மூன்று பெட்டி, எல்லாம் சேர்த்து ஒரு கை நீளம். செம்பாறை ஜங்ஷனில், ரயில்வே இன்ஸ்டிட்யூட் என்ற மனமகிழ் மன்றத்து ஹாலில், வெள்ளைக்காரன் விட்டுப்போன பில்லியர்ட்ஸ் மேசைமேல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்குக் கிளம்பிய அந்த வண்டியை ஐந்து நிமிஷம் கழித்து நிறுத்தப் பார்த்தார் ரிடையர்டு டிரைவர் இன்னாசிமுத்து. ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினார், நிற்கவில்லை. சுவர் சுவிட்சை அணைத்தார்கள், நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினார்கள், நிற்கவில்லை. தண்டவாளத்துக்குப் போகும் கம்பி இரண்டையும் கத்தரித்தார்கள், நிற்கவில்லை. மத்தியானம் ஊருக்கே கரண்ட் போய், மின்விசிறியெல்லாம் ஓய்ந்து, மனிதர்கள் வேட்டி முனையால் விசிறிக்கொண்டிருந்த நேரத்திலும் அது பாட்டுக்குக் குகைக்குள் போய், குகையை விட்டு வெளியே வந்து, ஐம்பத்திரண்டு வினாடிக்கு ஒரு சுற்று என்று சுற்றிக்கொண்டிருந்தது.

எப்படி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தெரியாது. மேலே கேளுங்கள்.

செம்பாறையில் பதினோரு வருஷமாக எந்த நிஜ வண்டியும் நிற்பதில்லை. இரண்டு லைன் கூடிப் பிரிந்த ஊர் அது. நாற்பது எஞ்சின் படுத்துக் கிடந்த ஷெட்டும், விடிய விடிய இட்லி அவித்த கேன்டீனும், மூட்டை தூக்கவே எண்பது பேரும் இருந்த ஊர். கிளை லைனை ஒருநாள் பெயர்த்துக்கொண்டு போனார்கள், ஷெட்டைப் பூட்டினார்கள், அப்புறம் மெயில் நிற்பதை நிறுத்தினார்கள், எக்ஸ்பிரஸ் நிற்பதை நிறுத்தினார்கள், கடைசியில் பாசஞ்சரும் ஒரு விசிலோடு மரியாதையை முடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிப் போய்விட்டது. ஜங்ஷன் என்று எழுதிய மஞ்சள் பலகை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. ஸ்டேஷன் தெருவில் மிஞ்சியவர்கள் ரிடையரானவர்களும், ரிடையரானவர்களின் விதவைகளும். அவர்கள்தான் ஊர் இருந்த மாதிரியே அந்த மேசைமேல் ஓர் ஊர் செய்தார்கள்.

ஆளுக்கோர் இடம். சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்த கோதண்டபாணி கைகாட்டி மரங்களைச் செய்தார். கார்டாக இருந்த டென்சில் பிளாட்பாரத்தையும், தண்ணீர்க் குழாயையும், அதனடியில் தேங்கும் சேற்றையும்கூடச் செய்தார். பெண்கள் மரத்தூளில் சாயம் தோய்த்துச் செம்மண் பூமி விரித்தார்கள். இன்னாசிமுத்துவின் மகன் ஜெர்மனியிலிருந்து எஞ்சினும் பெட்டியும் தண்டவாளமும் அனுப்பினான். இன்னாசிமுத்து தன் கையால் செய்தது ஒரே ஓர் இடம். மலைக்குப் பின்னால், தெற்கு வளைவில், நாற்பத்தோராம் நம்பர் கேட். தீக்குச்சியில் கேட், தீப்பெட்டியில் குடிசை, லைன் ஓரத்தில் சுத்தியலும் தோள்பையுமாக ஒரு கீமேன். கீமேன் என்றால் தண்டவாளத்தின் ஆப்பு கழன்றிருக்கிறதா என்று தினமும் விடிகாலையில் நடந்து பார்த்துத் தட்டி வைக்கிற ஆள். சுண்டுவிரல் உயரம். ஏன் அவனை மட்டும் அத்தனை நுணுக்கமாகச் செய்தீர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலும் வந்திருக்காது. அவர் பேசுகிற ஆள் இல்லை.

வண்டி ஓட்டும் திருகு, மேசையின் வடக்குப் பக்கம் ஒரு பெட்டியில் இருந்தது. கம்பி குட்டை. திருகுக்கு முன்னால் உட்கார்ந்தால் மலை மறைத்து கேட் தெரியாது. கேட்டில் போய் நின்றால் திருகு எட்டாது. மூன்று வருஷம் அப்படியே ஓட்டினார். எழுபத்துநாலு முடிந்து மார்பில் ஒரு வலி வந்த வாரம், கம்பியில்லா ரிமோட் வேண்டும் என்றார்.

எதற்கு என்று அவர் சொல்லாவிட்டாலும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் முன்னால், மார்கழிப் பனியில், பதினெட்டு நிமிஷம் லேட்டாக வந்த ஓர் எக்ஸ்பிரஸை அவர் ஓட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தொன்று கேட் வளைவில் விசில் கொடுத்தார். கல்லில் ஈரத்துணியை ஒருதரம் அறைந்த மாதிரி ஒரு சத்தம். கை பிரேக்குக்குப் போயிற்று. போன கை அங்கேயே இருந்தது; பிடிக்கவில்லை. அடுத்த ஸ்டேஷனில், ‘ஒரு ஆள் அடிபட்டிருக்கலாம்’ என்று மெமோ எழுதிக் கொடுத்தார். சிக்னல் பச்சை, விசில் கொடுக்கப்பட்டது, டிரைவர்மேல் குற்றமில்லை என்று காகிதம் வந்தது. கீமேன் செத்துப்போனதற்கு அவன் மனைவிக்கு அதே கேட்டில் கேட் கீப்பர் வேலை கொடுத்தார்கள். பிறகு ரிடையராகும் வரை பதினோரு வருஷம், அவர் வண்டி அந்த வளைவுக்கு வரும்போதெல்லாம், அந்த அம்மாள் குடிசை வாசலில் நின்று பச்சைக் கொடி காட்டினாள், அவர் கை தூக்கினார், போனார்.

சாகுமுன் ஒரே ஒரு தரம் அந்த கேட்டில் நின்று, தன் கையால் அந்த வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். பொம்மையாக இருந்தாலும் சரி. அதற்குத்தான் ரிமோட்.

கோதண்டபாணி படம் வரையாமல் எதையும் பேச மாட்டார். ஒரு காலண்டர் தாளின் முதுகில் மூன்று கட்டம் போட்டார்.

“மூணு தினுசு இருக்கு, இன்னாசி. நல்லாக் கேட்டுக்கோ.”

“சுருக்கச் சொல்லு.”

“முதல்ல, டி.வி. ரிமோட் மாதிரி. பெட்டிக்கு நேரா காட்டணும். நடுவுல மலை இருந்தா கேக்காது.”

“மலை இருக்கும். அடுத்தது.”

“ரெண்டாவது, எஞ்சினுக்குள்ளயே காது வைக்கிறது. ஒரு சின்ன பேட்டரி, ஒரு ரிசீவர். எஞ்சின் வயித்தைத் திறந்து, கொஞ்சம் ராவி, உள்ள வைக்கணும். அப்புறம் தண்டவாளத்துல கரண்டே வேண்டாம். நீ சொன்னா எஞ்சின் நேராக் கேக்கும். நாலு எஞ்சின் நின்னாலும் நீ கூப்பிட்டது மட்டும்தான் வரும்.”

“ராவக்கூடாது. மகன் அனுப்புனது.”

“மூணாவது, இப்ப இருக்குற பழைய ஏற்பாடுதான். டிரான்ஸ்ஃபார்மருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு ரேடியோ பெட்டி. நீ இங்க திருகுனா பெட்டி ரோட்டுல, அதான் தண்டவாளத்துல, கரண்டைக் கூட்டும், குறைக்கும். எஞ்சினுக்கு ஒண்ணும் தெரியாது. ரோடு குடுக்கறதை வாங்கிட்டு ஓடும்.”

“அதை வாங்கு.”

“யோசிச்சுச் சொல்லுய்யா. ரெண்டாவதுல பிரேக் எஞ்சினுக்குள்ள இருக்கு. மூணாவதுல பிரேக் ரோட்டுல இருக்கு.”

“இருக்கட்டும். முப்பத்தாறு வருஷம் ரோட்டைப் பாத்துத்தான் ஓட்டினேன். சிக்னல் குடுத்தான், போனேன். டிரைவர் ரோடு சொல்றதைத்தான் கேக்கணும்.”

“அப்ப உனக்கு என்ன வேலை?”

“போய் டீ சொல்லு.”

வேறு யாராவது இருந்தால் இரண்டாவதைத்தான் எடுத்திருப்பார்கள். பச்சையைக் கண்டால் போகலாம், பிறகு நடப்பதற்கு ரோடுதான் பொறுப்பு என்று முப்பத்தாறு வருஷம் ஓட்டிய ஒருவர்தான் மூன்றாவதை எடுப்பார். எடுத்தார். பெட்டி வந்தது, கோதண்டபாணி மாட்டிக் கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமை தெரு கூடியது. வண்டி நாலு சுற்று நன்றாக ஓடியது. ஐந்தாம் சுற்றில் இன்னாசிமுத்து மேசையின் தெற்குப் பக்கம் போய், கேட்டுக்கு எதிரே நின்று, வண்டி குகையை விட்டு வந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். வண்டி அவர் வயிற்றுக்கு முன்னால் கடந்து போயிற்று.

எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்த பிறகு, டென்சில் அதைக் கையால் தூக்கினார். சக்கரம் காற்றில் சுற்றியது.

“உயிர்க்கோழியைப் புடிச்ச மாதிரி இருக்கு மேன்,” என்றார். ஆங்கிலோ இந்தியர், எழுபத்தெட்டு வயதிலும் தொப்பி போடாமல் வெளியே வரமாட்டார். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்கள். உள்ளே அது தட்டிக்கொண்டே இருந்தது. தெருவிலிருந்த பெண்கள் ஒரு மணி நேரம் பொறுத்தார்கள். அப்புறம் நாலு பேர் வந்து, “யாரோ உள்ள மாட்டிக்கிட்டுக் கதவைத் தட்டற மாதிரி இருக்கு, திறந்து விடுங்க, சோறு இறங்க மாட்டேங்குது,” என்றார்கள். மறுபடி தண்டவாளத்தில் வைத்தார்கள். ஓடுவதே தேவலை.

எந்த வண்டியும் நிற்காத ஊரில் இன்னொரு வண்டி நிற்காமல் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் வாரம் டியூட்டி போட்டார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஓர் ஆள், கையெழுத்துப் புத்தகம் வைத்து, வருகிறவர் போகிறவரிடம் பொறுப்பு வாங்கி, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, தண்டவாளத்தைத் துணியால் துடைத்து, ‘வண்டி ஓடுகிறது, வேறு விசேஷம் இல்லை’ என்று எழுதி வைத்தார். ரிடையரானதிலிருந்து சாய்வு நாற்காலியில் செத்துக்கொண்டிருந்தவர்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்கள். எதிர்க் கடைக்காரர் முட்டை வேகவைக்க ஏழு சுற்று எண்ணினார். தெரு விதவைகள் காகிதத்தைச் சிறிதாக மடித்துப் பெட்டி ஜன்னலில் செருகினார்கள், துபாய்க்குப் போய் எழுதாத மகனுக்கு, கோபித்துப் போன தம்பிக்கு, செத்தே போன புருஷனுக்கு. நிற்காமல் போனவர்களுக்கு நிற்காத வண்டியில்தானே சேரும் என்றாள் ஒருத்தி, அதில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. கோட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார்கள். ‘மேற்படி ஊரில் நிற்கும் வண்டி எதுவும் இல்லாததால் நிற்காத வண்டி பற்றிய புகாரும் எழாது’ என்று பதில் வந்தது. கோதண்டபாணி அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

ஒன்றைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. இருபதாம் நாள் கோதண்டபாணிக்கு ஒரு யோசனை தோன்றி, மேசையிலிருந்த கைகாட்டிகள் அத்தனையையும் சிவப்புக்குப் போட்டார். வண்டி கடந்து போயிற்று. டென்சில் பழைய சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். கடந்து போயிற்று. சிவப்பு ரவிக்கைத் துணி, சிவப்பு வாளி, கடைசியில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆறு கிழவர்கள். கடந்து போயிற்று. கரண்ட் இல்லாமல் ஓடியதை அவர்கள் மன்னித்திருந்தார்கள். சிவப்பைப் பார்த்தும் நிற்காததை மன்னிக்க முடியவில்லை. ஒரு மூதாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

“என்கொயரி வைக்கணும் மேன்,” என்றார் டென்சில். “டேஞ்சர்ல பாஸ் ஆனா டிரைவரை இறக்கி விசாரிக்கணும். ரூல். இந்த வண்டிக்கு யார் டிரைவர்?”

எல்லாரும் இன்னாசிமுத்துவைப் பார்த்தார்கள்.

“ரோட்டுல பெட்டி இருக்கு. அதைக் கேளு,” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் திரும்பி வந்தார். வராமல் இருக்க முடியவில்லை. காரணம் அந்தக் கீமேன். வண்டி ஓடுகிற அதிர்வில் மேசை லேசாக நடுங்கியது; நடுங்கிய மேசையில் கீமேன் ஒரு நாளைக்கு ஒரு நெல் அளவு தண்டவாளத்தை நோக்கி நகர்ந்தான். இன்னாசிமுத்து விலக்கி வைத்தார். நகர்ந்தான். பசை போட்டு ஒட்டினார்; மூன்றாம் நாள் பசை விட்டது. ஆணியடித்தார், ஆணி எழும்பி வந்தது; நகர்கிற வேகமும் நாளுக்கு நாள் கூடியது. அதன்பின் ஒரு ஸ்டூலைப் போட்டு தெற்குப் பக்கமே உட்கார்ந்துவிட்டார். இரவில் டியூட்டிக்காரர் பார்த்துக்கொள்ள, காலையிலிருந்து சாயங்காலம் வரை, தலைக்குள் கடகடவென்று, ஐம்பத்திரண்டு வினாடிக்கு ஒருதரம் அந்த எஞ்சின் முகம் குகையிலிருந்து வரும், அவர் கை கீமேனுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருக்கும், அது போகும், கையை எடுப்பார். டியூட்டிக்காரர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை. உடம்பு இற்றது. சாப்பாட்டுத் தூக்கு வந்த மாதிரியே திரும்பியது.

“அந்தப் பொம்மையை எடுத்துச் சட்டைப் பையில போட்டுட்டு வீட்டுக்குப் போயேன்யா,” என்றார் கோதண்டபாணி. “பெரிய விஷயமா?”

“அவன் டியூட்டியில இருக்கான்.”

“பொம்மைய்யா அது.”

“டியூட்டியில இருக்கற ஆளை எடுக்க நான் யாரு? போ.”

நாற்பதாம் நாள் மத்தியானம் கண் செருகிற்று. ஒரு நிமிஷம்கூட இராது. ஈரத்துணி அறைந்த சத்தம் கேட்டு விழித்தார். அத்தனை சின்ன உடம்பில் அந்தச் சத்தம் இருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள். கீமேன் இரண்டாகக் கிடந்தான். சுத்தியல் மலையடிவாரத்தில் கிடந்தது. வண்டி வேகம் குறையாமல் பிளாட்பாரத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

அவர் எழுந்தார். இரண்டு துண்டையும் கைக்குட்டையில் மடித்தார். லைன் ஓரமாகவே தெற்கே நடந்தார்.

நாற்பத்தொன்று கேட் சாத்தியிருந்தது. ஒரு சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது. கேட்டுக்காரம்மாள் குடிசை வாசலில் பச்சைக் கொடியோடு நின்றாள். ஐம்பத்தெட்டு வயது, இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ். ஐம்பத்தெட்டு வேகனும் போய், கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும் வரை அவள் திரும்பவில்லை. அப்புறம் கேட்டைத் திறந்து, டிராக்டரை விட்டு, கொடியைச் சுருட்டினாள்.

“டிரைவரய்யா இறங்கி நடந்து வந்து இன்னைக்குத்தான் பாக்கறேன்,” என்றாள்.

அவர் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். பார்த்தாள். தொடவில்லை.

“ஊரே சொல்லுச்சு. ஒரு வண்டி நிக்க மாட்டேங்குதாமே.”

“நீ வந்து சிவப்பு காட்டணும்மா.”

“ஆறு பேரு காட்டி நிக்கலியாம். நான் காட்டினா நின்னுருமா?”

“தெரியல.”

அவள் மண்பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துத் தானே குடித்தாள். அவருக்குக் கொடுக்கவில்லை.

“ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குச் சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“ஆளுதான்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“நிப்பாட்டணும்னு தோணலியா?”

“தோணுச்சு. கை பிரேக்குலதான் இருந்துச்சு.” மூச்சு வாங்கினார். “பதினெட்டு நிமிஷம் லேட்டு.”

“பதினெட்டு நிமிசம்,” என்றாள் அவள். அதை வாயில் போட்டு மென்று பார்ப்பவள் மாதிரி இன்னொருதரம் சொன்னாள். “எங்க வீட்டு ஆளு எட்டரை வரைக்கும் உசுரோட இருந்தாரு, டிரைவரய்யா. தெரியுமா? அஞ்சு நாப்பதுக்கு அடிபட்டு எட்டரை வரைக்கும். பனியில யாருக்கும் தெரியல. தண்ணி கேட்டாராம். பால்காரர் வந்து பாத்துச் சொன்னாரு.”

இன்னாசிமுத்துவுக்குத் தெரியாது. அடிபட்ட கணத்திலேயே போயிருப்பான் என்றுதான் இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் இரவு ஜெபத்துக்குப் பின் அதைத்தான் சொல்லிக்கொண்டு படுப்பார். தண்டவாளத்தின் ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் எழுந்திரு என்று சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ரிஜிஸ்டரில் சரக்கு வண்டி போன நேரத்தை எழுதினாள். எழுதிக்கொண்டே பேசினாள்.

“பதினோரு வருசம் ஒங்க வண்டிக்குப் பச்சை காட்டினேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பை எடுக்கச் சொல்லிக் கை அரிக்கும். எடுத்தா வேலை போயிரும். ரெண்டு புள்ளைக. எடுக்கல.” பேனாவை மூடினாள். “ஞாயித்துக்கிழமை எனக்கு ரெஸ்ட்டு. வர்றேன். ஒங்களுக்காக இல்ல. என் கைக்காக. ஆனா, இப்ப இங்க சொன்னதை அங்க வந்து சொல்லணும். அந்த கார்டு முன்னால.”

“சொல்றேன்.”

“தண்ணி வேணுமா?”

“வேண்டாம்மா.”

“சரி.”

ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்துமூன்றாம் நாள், ஹால் நிறைந்திருந்தது. டென்சில் கேரம் பலகையை மேசையாக வைத்து, பழைய ரூல் புத்தகமும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். கேட்டுக்காரம்மாள் டியூட்டிக்குக் கட்டுகிற நீலச் சேலையில் வந்தாள். கக்கத்தில் கொடிகள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

“டிரைவர் பேரு?”

“இன்னாசிமுத்து.”

“எந்த இடத்துல நிக்கல?”

“நாப்பத்தொண்ணு கேட்.”

“எப்போ?”

“இருபத்தாறு வருஷம் முன்னால. மார்கழி மாசம். விடிகாலை அஞ்சு நாப்பது.”

டென்சிலின் பேனா நின்றது. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, உயர்த்திப் பழக்கமில்லாத குரலில், இன்னாசிமுத்து சொன்னார். விசில் கொடுத்ததை, சத்தம் கேட்டதை, ஆள் என்று தெரிந்ததை, கை பிரேக்கில் இருந்ததை, கடிகாரத்தைப் பார்த்ததை, மெமோவில் ‘அடிபட்டிருக்கலாம்’ என்று எழுதியதை, எட்டரை மணியை. பச்சைதான் இருந்தது, ரோடு கிளியர்தான், அதெல்லாம் நிஜம், ஆனால் பிரேக் ரோட்டில் இல்லை, என் கையில் இருந்தது என்றார். அவ்வளவுதான். ஒரு சுற்றுக்குமேல் ஆகவில்லை.

டென்சில் தொப்பியைக் கழற்றி வைத்தார். “பின்னால பிரேக் வேன்ல நான் இருந்தேன். எனக்கும் கேட்டுச்சு,” என்றார். யாரையும் பார்க்கவில்லை. “என்கிட்டயும் ஒரு பிரேக் இருந்துச்சு மேன். மெமோல நானும் சைன் போட்டேன்.”

 

கேட்டுக்காரம்மாள் மேசையின் தெற்குப் பக்கம் போனாள். பச்சையைச் சுருட்டிய வாக்கிலேயே கீழே வைத்தாள். சிவப்பைப் பிரித்தாள். நிஜக் கொடி, வெயிலில் வெளுத்து, ஓரம் தைத்து, மறுபடி தைத்தது, அந்த மேசைமேல் அது மலையைவிடப் பெரிதாக இருந்தது, அதன் நிழல் வளைவிலும், தீப்பெட்டிக் குடிசையிலும், பிளாட்பாரத்துச் சேற்றிலும் விழுந்தது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி குகையிலிருந்து வந்தது. கொடியைக் கடந்து போயிற்று.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். “இருங்க,” என்றார் இன்னாசிமுத்து. ஓடுகிற வண்டி கண்ட இடத்தில் நிற்காது; அதற்குத் தூரம் வேண்டும். அவர் காது சக்கரத்தில் இருந்தது. அந்தச் சுற்று அறுபத்தைந்து வினாடி பிடித்தது. அடுத்த சுற்று இரண்டு நிமிஷம். கொடியின் முனை தாழ்ந்தது; உயர்த்திப் பிடித்தாள். தாங்கிப் பிடிக்க ஒருத்தி எழுந்தாள், கேட்டுக்காரம்மாள் தலையசைத்து வேண்டாம் என்றாள். மூன்றாம் சுற்றில் வண்டி, பிளாட்பாரத்தில் யாரையோ தேடுவது போல ஊர்ந்து, கைகாட்டி மரங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, குகைக்குள் போய் நெடுநேரம் வெளியே வராமல் இருந்து, வந்து, கீமேன் நின்ற இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

நாற்பத்துமூன்று நாளுக்குப் பிறகு மின்விசிறிச் சத்தம் கேட்டது. தெருநாய் குரைப்பது கேட்டது. பெட்டி ஜன்னல்களில் செருகிய காகிதங்கள் அத்தனையும் செருகியபடியே இருந்தன. ஒன்றும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதை எழுதியவர்களும் அப்போதுதான் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து நிஜ லைனில் ஓர் எக்ஸ்பிரஸ், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர, நிற்காமல் போயிற்று. மேசைமேல் இருந்தது அசையவில்லை.

இன்னாசிமுத்து ரிமோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து கேரம் பலகையில் வைத்தார். கைக்குட்டையை அவளிடம் நீட்டினார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்க்காமல் இடுப்பில் செருகினாள்.

“நோட்டுல கடைசிக் கட்டம் பாக்கி இருக்கு,” என்றார் டென்சில். “வண்டியை நிறுத்தியவர் பேரு. அதை டிரைவர்தான் எழுதணும். ரூல்.” நோட்டைத் தள்ளினார்.

இன்னாசிமுத்து பேனாவை எடுத்தார். எழுதப் போன கை நின்றது. அந்த அம்மாள் பேர் அவருக்குத் தெரியாது.

“உங்க பேரு என்னம்மா?”

“பதினோரு வருசம் கொடி வாங்கினீங்க.” அவள் சிவப்பை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “இப்பத்தான் கேக்கத் தோணுதாக்கும்.”

அவர் காத்திருந்தார்.

“மன்னிச்சேன்னு எதையும் சேத்து எழுதிராதீங்க. நிப்பாட்டினேன்னு மட்டும் எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு, பேரைச் சொன்னாள், புருஷன் பேரையும் சொன்னாள்.

அவர் எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. ஆனால் படிக்கலாம், இன்றைக்கும் அந்த நோட்டில் இருக்கிறது. நாற்பத்தொன்று கேட். கீமேன் வீரணன் மனைவி. வெள்ளத்தாயி.